கடைக்காரர் காட்டிய வழியும் கம்பனிகளின் மௌனமும்

'சமூகப் பொறுப்பு' என்னும் சொற்றொடரை இலங்கையின் வணிக உலகம் அண்மைக் காலத்தில் பயன்படுத்தும் அளவுக்கு வேறெந்தச் சொற்றொடரையும் பயன்படுத்துவதில்லை. ஆண்டறிக்கைகளின் வழவழப்பான தாள்களில் அதற்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கப்படுகிறது. மரக்கன்று நடும் பணிப்பாளர், பாடசாலைக்குக் குடிநீர்த் தாங்கி வழங்கும் முகாமையாளர், இரத்ததான முகாமில் புன்னகைக்கும் ஊழியர் என்று படங்களுக்கும் பஞ்சமில்லை. இவற்றில் எதுவும் தீய செயலன்று. ஆனால் இவற்றில் எத்தனை செயல்கள் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பேரேட்டில் ஒரு வரியையேனும் வெட்டிக் குறைத்தன என்று கேட்டால், பதில் கிடைப்பது அரிது.

அப்படி வெட்டிக் குறைத்தவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டறிக்கை இல்லை. பலருக்கு ஒழுங்கான பெயர்ப் பலகைகூட இல்லை.

2017, 2018ஆம் ஆண்டுகளில் இலங்கையின் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் கடைக்காரர்கள் தாமாகவே சிகரட் விற்பனையை நிறுத்தினர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஊர் ஊராகச் சென்று பேசினர்; வணிகர் சங்கங்கள் கூடி முடிவெடுத்தன; அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்தத் தொகையைப் பெருமையுடன் அறிவித்தார். சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. விற்றிருந்தால் ஒரு பொலிஸ்காரரும் வந்திருக்க மாட்டார். இருந்தும் நிறுத்தினர்.

அந்தப் பட்டியலில் முன்னணியில் நின்ற மாவட்டம் யாழ்ப்பாணம் என்பதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதாரத்தையே புகையிலை தாங்கி நின்ற காலம் ஒன்றுண்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. பின்னர் சுருட்டுத் தொழில் வளர்ந்தபோது, தென்னிலங்கையின் நகரந்தோறும் யாழ்ப்பாணத்தார் கடை வைத்தனர். சிங்கள மக்கள் அவற்றுக்கு இட்ட பெயரே 'சுருட்டுக் கடே' என்பதுதான். கண்டிக் கடைத்தெருவும் அந்தப் பெயரை நன்கறியும். தலைமுறை தலைமுறையாகப் புகையிலையை விளைவித்து, சுற்றி, விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த மண்ணிலிருந்தே 'இனி விற்க மாட்டோம்' என்ற குரல் உரத்து எழுந்தது. இது செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துபோக வேண்டிய செய்தியன்று.

இனிக் கண்டிக்கு வருவோம்.

புகையிலையின் முழு வரலாற்றையும் ஒரே நாளில் சுற்றிப் பார்க்க விரும்புவோர் கண்டிக்குச் செல்லலாம். விதை முதல் வைத்தியசாலைக் கட்டில் வரை எல்லாம் அங்கே உண்டு. தும்பறைப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் புகையிலைக்குப் பேர்போனது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரையும் அதைச் சூழ்ந்த வயல்களையும் நீரில் மூழ்கடித்தது. ஆனால் அணையைச் சுற்றிய மலைச்சரிவுகளிலும் அங்குராங்கெத்தைப் பக்கத்திலும் புகையிலைச் செய்கை நீடித்தது. மகாவலியின் மேல் நீரேந்துப் பகுதியில் மண் அரிப்புக்குக் காரணமான பயிர்களை ஆராய்ந்தவர்கள் புகையிலையைச் சுட்டாமல் விட்டதில்லை. செங்குத்துச் சரிவில் மண்ணைக் கிளறி நடப்படும் இந்தப் பயிர் மழைக்கு மண்ணைத் தாரைவார்க்கிறது. அந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படிகிறது. இலையை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அந்த மலைகளிலிருந்தே வந்தது. இலையைப் பதப்படுத்தும் ஆலையொன்றை இலங்கைப் புகையிலைக் கம்பனி கண்டியில் நடத்தி வந்திருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் கடைத்தெரு. அதற்கும் சற்றுத் தொலைவில் கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு. இன்னும் சில கல் தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம்.

அந்தப் பீடத்துக்கும் இந்தப் பொருளுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. இலங்கை ஆண்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். புகைக்கும் புகையிலையும், வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லும் புகையிலையும், மதுவும் அதன் பிரதான காரணிகள். பாக்கே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறுதியாகக் கூறிவிட்டது. 1980களிலேயே மலையகத்தில் ஆரம்பச் சுகாதார ஊழியர்களைக் கொண்டு வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் முயற்சி நடந்தது. அது உலக மருத்துவ இலக்கியத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அறிவு நம்மிடம் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இருந்தது. அந்த அறிவு பேராதனைப் பாலத்தைக் கடந்து கண்டிக் கடைத்தெருவுக்குள் நுழையவில்லை.

கடைத்தெருவின் நிலை என்ன? எந்தச் சைவக் கடைக்குள்ளும் நுழைந்து பாருங்கள். பணம் வாங்கும் மேசைக்கு மேலே விநாயகர் படம், மாலை, ஊதுபத்தி. உள்ளே முட்டை இல்லை; மீன் இல்லை; இறைச்சி என்ற பேச்சே இல்லை. வாடிக்கையாளர் இரட்டிப்புப் பணம் தருவதாகச் சொன்னாலும் ஒரு முட்டைப் பொரியல் கிடைக்காது. இந்தக் கட்டுப்பாட்டை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. முதலாளி தாமே விதித்துக்கொண்டார். அதனால் வரும் நட்டத்தை அவர் நட்டமாகவே கருதுவதில்லை. அது தம் கடையின் தர்மம் என்கிறார். மிக நன்று. ஆனால் அதே மேசையின் ஓரத்தில், விநாயகரின் திருப்பார்வைக்கு நேர் கீழே, சிகரட்டும் வெற்றிலைக் கூறும் பல கடைகளில் விற்பனைக்கு இருக்கின்றன. முட்டை விற்றால் தோஷம். சிகரட் விற்றால் தோஷமில்லை! 'படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்' என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய தர்மத்தைப் பார்த்துத்தான்.

சைவக் கடையை மட்டும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எதை விற்பது, எதை விற்காமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை வணிகனுக்கு என்றும் இருந்து வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. கண்டியின் முஸ்லிம் வணிகர் மது விற்பதில்லை. பௌத்த வணிகர் பலர் இறைச்சி வியாபாரத்தில் இறங்குவதில்லை. போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டப்படுகின்றன. வானம் இடிந்து விழவில்லை. விற்காமை என்பது இந்த நகரத்துக்குப் புதியதன்று. புகையிலை மட்டும் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதே கேள்வி.

சிறு கடைக்காரருக்கு இது எளிய முடிவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சிகரட்டில் அவருக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். ஆனால் சிகரட் வாங்க வருபவர் ஒரு தேநீர் குடிப்பார், ஒரு பனிஸ் எடுப்பார், நாளிதழ் வாங்குவார். பெட்டியாக அன்றித் தனித் தனியாக வாங்குவோர் மிகுதியாகையால், ஒருவரே நாளுக்கு நான்கு தடவை கடைக்கு வருவார். அந்த வருகையை இழப்பதுதான் உண்மையான இழப்பு. அந்த இழப்பைத் தெரிந்துகொண்டே ஏற்றவர்களைத்தான் நான் மேலே குறிப்பிட்டேன். அவர்களுடைய ஒரு வார வருமானம் பெரு நிறுவனமொன்றின் ஒரு மதிய விருந்துச் செலவுக்கு ஈடாகாது.

பெரு நிறுவனங்கள் என்ன செய்தன? சிகரட் விற்கும் பேரங்காடிகள் அதை நிறுத்தினால் அவற்றின் மொத்த வருமானத்தில் சிறு பகுதியே குறையும். அவற்றின் இலாபத்தைப் பருப்பும் பால்மாவும் சவர்க்காரமும் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்கடைக்காரரால் முடிந்தது குளிரூட்டிய கட்டடத்துக்கு ஏன் முடியவில்லை?

'நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான்' என்பது வழக்கமான பதில். நியாயம் போலத் தோன்றும் இந்தப் பதிலுக்கு அமெரிக்காவில் ஒரு பரீட்சை நடந்தது. 7,000க்கு மேற்பட்ட மருந்தகங்களைக் கொண்ட சீ.வீ.எஸ். நிறுவனம், நோய் தீர்க்கும் மருந்தையும் நோய் தரும் சிகரட்டையும் ஒரே கூரையின் கீழ் விற்பது முரண்பாடு என்று கூறி, 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் புகையிலை விற்பனையை முற்றாக நிறுத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பில்லியன் டொலர் வருமானம் அதனால் இழக்கப்படும் என்று நிறுவனமே கணக்கிட்டிருந்தது. எல்லோரும் அடுத்த கடைக்குப் போய்விட்டனரா? நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. அந்தக் கடைகளில் மட்டுமே சிகரட் வாங்கி வந்த குடும்பங்கள், பின்னர் எங்குமே சிகரட் வாங்காமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 38 வீதம் கூடுதலாக இருந்தது. இதில் வியப்பில்லை. புகைப்போரில் கணிசமானோர் விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு சிகரட்டையும் பற்றவைக்கிறார்கள். கண்ணெதிரே இருப்பது கைக்கு வருகிறது. நாலடி தூரம் நடக்க வேண்டும் என்றால் சிலர் நடக்க மாட்டார்கள். அந்தச் சிலரின் உயிர் பெரிதில்லையா?

அடுத்த வாதம் வரி. புகையிலையால் அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பில்லியன் ரூபா கிடைக்கிறதே, அதை யார் தருவது என்று பொருளாதார மேதைகள் சிலர் கேட்கிறார்கள். அந்தப் பணத்தைக் கம்பனி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது போன்ற தொனி அந்தக் கேள்வியில் ஒலிக்கிறது. கொடுப்பவர் புகைப்பவர், கம்பனி வசூலித்துக் கட்டுகிறது, அவ்வளவே. அந்தப் பணத்தைப் புகைக்காமல் மிச்சம் பிடிப்பவர் அதைக் கடலில் எறியப் போவதில்லை. அரிசியோ பிள்ளைக்குப் புத்தகமோ வாங்குவார். அங்கும் வரி உண்டு, வியாபாரமும் உண்டு. மறுபுறம், புகையிலையால் இந்த நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 பேர் இறப்பதாகச் சுகாதார அதிகாரிகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். இலவச வைத்தியசாலையில் அவர்களுக்குச் செலவிடப்படும் பணமும் மக்களின் வரிதான்.

மூன்றாவது வாதம் சற்று நுட்பமானது. 'எல்லாவற்றையும் நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடலாம், சட்டம் எதற்கு?' என்பது அது. இந்த இடத்தில் நாம் மிக விழிப்பாக இருக்க வேண்டும். ஏனெனில் 'தன்னார்வம்' என்ற சொல்லைப் புகையிலைக் கம்பனிகளைப் போல் வேறெவரும் துஷ்பிரயோகம் செய்ததில்லை.

1954ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கச் சிகரட் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து 400க்கு மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிவித்தல் வெளியிட்டன. மக்களின் உடல்நலமே தமது முதற் பொறுப்பு என்று அவை அதில் தாமாக முன்வந்து உறுதி கூறின. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் உண்மையை மறைத்த கதையைப் பிற்காலத்தில் நீதிமன்ற வழக்குகளில் வெளிவந்த அவற்றின் சொந்த ஆவணங்களே சொல்லின. 2001ஆம் ஆண்டு, புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையை நாடுகள் பேசிக்கொண்டிருந்த வேளையில், உலகின் மூன்று பெருங் கம்பனிகள் விளம்பரத்துக்கான தன்னார்வ ஒழுக்கக் கோவை ஒன்றை அறிவித்தன. கயிறு தம் கழுத்துக்கு வருவதைக் கண்டவர்கள் தாமே ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, 'பாருங்கள், கட்டிக்கொண்டோம்' என்றனர்.

இலங்கை அந்த நூலை நம்பவில்லை என்பது நமக்குப் பெருமை. 2003ஆம் ஆண்டு அந்த உடன்படிக்கையைத் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு நம்முடையது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுத்தது. மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. சிகரட் பெட்டியில் படத்துடன் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தபோது, சமூகப் பொறுப்பைப் பற்றி அழகாகப் பேசிய கம்பனி நீதிமன்றம் சென்றது. எச்சரிக்கையின் அளவு குறைக்கப்பட்டது. ஆயினும் 2015இல் பாராளுமன்றமே சட்டத்தைத் திருத்தி 80 வீதப் பரப்பை எச்சரிக்கைக்கு ஒதுக்கியது. தன் நுகர்வோருக்கு உண்மையைச் சொல்லும் ஒரு படத்தை எதிர்த்து வழக்காடிய நிறுவனத்தின் 'தன்னார்வம்' எத்தகையது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். அதன் பங்குகளில் 84 வீதம் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியின் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே தன்னார்வம் இருவகைப்படும். சட்டம் வராமல் தடுப்பதற்காகச் செய்வது ஒன்று. சட்டம் கேட்பதற்கும் மேலாகச் செய்வது மற்றொன்று. முன்னதால் செய்பவருக்கு ஆதாயம். பின்னதால் செய்பவருக்கு இழப்பு. இழப்பு எங்கே என்று தேடிப் பார்த்தால் போதும். எது போலி, எது மெய் என்பது புலப்பட்டுவிடும். நான் கோருவது பின்னதை. அது சட்டத்துக்கு மாற்றாக அல்ல, சட்டத்துக்குத் துணையாக வர வேண்டும். அரசின் வாக்கை மட்டும் நம்பியிருந்தாலும் பயனில்லை. 2020ஆம் ஆண்டுக்குள் புகையிலைச் செய்கை முற்றாக ஒழிக்கப்படும் என்று மைத்திரிபால சிறிசேன ஆட்சியில் அறிவிக்கப்பட்டது. 2020 வந்து போனது. செய்கை நிற்கவில்லை.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. அங்கே சிகரட்டைவிடக் கொடியது மெல்லும் புகையிலை. 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, புகையிலை சேர்த்துத் தயாரிக்கப்படும் புகையற்ற பொருட்களைத் தடை செய்தது. ஆயினும் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மலை ஏறும் வழக்கம் மறையவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேட்டால், 'பசி தெரியாது, குளிர் தெரியாது' என்பார். அந்தப் பசிக்கும் குளிருக்கும் பொறுப்பாளி யார்? மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது ஒரு கிலோவும் பிசகாமல் கணக்குப் பார்க்கும் தோட்டக் கம்பனிகள், அதே மடுவத்தில் ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழிலாளியின் வாயையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாம். வேலைத்தலத்தில் சூடான தேநீரும் காலை ஆகாரமும் கொடுக்கலாம். தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் புகையிலை விற்பதில்லை என்று முடிவெடுக்கலாம். பிள்ளை மடுவத்தின் அருகே எவரும் புகைக்கக் கூடாது என்று ஒரு பலகை வைக்கலாம். தேயிலைப் பெட்டியில் 'நெறிசார் உற்பத்தி' என்ற முத்திரை குத்தி வெளிநாட்டில் கூடுதல் விலை கேட்கும் கம்பனிகளுக்கு இது பெரிய செலவா? வெற்றிலைத் தட்டைப் பறித்துவிட்டுப் பசியை அப்படியே விட்டுவைப்பதும் அறமாகாது என்பதை அவை மறக்கக் கூடாது.

விடுதிகளுக்கும் ஒரு வார்த்தை. 2006 சட்டம் பெரிய விடுதிகளும் உணவகங்களும் புகைப்பதற்குத் தனியிடம் ஒதுக்க இடம் கொடுத்தது. கொடுத்த சலுகையைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற நியதி இல்லை. அதே 2006ஆம் ஆண்டில் மேரியட் போன்ற உலகச் சங்கிலி விடுதிகள் வட அமெரிக்காவில் தம் அறைகள் அனைத்தையும் புகையற்றவை என்று அறிவித்தன. விருந்தினர் ஓடிவிடவில்லை. கண்டி வாவியைச் சுற்றிய விடுதிகள் அதைச் செய்தால், 1988 முதல் உலக மரபுரிமை நகரம் என்று பெயர் பெற்ற ஊருக்கு அது இழுக்காகாது.

என் சொந்தத் தொழிலையும் விட்டுவைக்கலாகாது. 2006க்கு முன் சிகரட் விளம்பரத்தால் வயிறு வளர்த்த பத்திரிகைகள் இந்த நாட்டில் பல. சட்டம் வந்து விளம்பரம் நின்றது. ஆனால் கம்பனி பெறும் விருதும், கம்பனி உதவும் விவசாயியின் புன்னகையும் வணிகப் பக்கத்தில் செய்தியாக வருவது நிற்கவில்லை. விளம்பரத்துக்கு வாசலை மூடிவிட்டு அதையே சாளரம் வழியாக உள்ளே எடுப்பதற்கு ஒப்பானது இது. 'புகையிலைக் கம்பனியின் கொடைச் செய்திகளை வெளியிட மாட்டோம்' என்று ஆசிரியபீடம் ஒரு வரி முடிவு எடுத்தால், அதுவும் ஒரு தொழிலகம் தானாக ஏற்கும் கொள்கைதான்.

கடல் கடந்த அன்பர்களுக்கும் சொல்ல வேண்டியதுண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மூலைக்கு மூலை நம்மவர் கடைகள் இருக்கின்றன. இரவு பகலாக உழைத்து அவற்றை நடத்துகிறார்கள். அந்த உழைப்பை எவரும் குறைத்துப் பேச முடியாது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்காக 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தார்கள். புலம்பெயர்ந்தோரும் வாரி வழங்கினர். வலது கையால் வைத்தியசாலைக்குக் கொடுத்துக்கொண்டே இடது கையால் நோயை விற்கும் நிலை எத்தனை நாளைக்கு? இன்றே நிறுத்துங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கடன் கட்டுபவர் நீங்கள். ஆனால் குத்தகை புதுப்பிக்கும் வேளையில், கணக்காளரோடு உட்காரும் வேளையில், இந்த ஒரு வரியையும் மேசைமீது வைத்துப் பேசுங்கள் என்றே கேட்கிறேன்.

கண்டி வணிகர் சங்கங்கள் ஒரு கூட்டம் கூட்டட்டும். தலதா வீதியிலிருந்து கட்டுக்கலை வரை, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் கடை வைத்திருக்கும் தெருக்கள் அவை. முதலில் பாடசாலைகளுக்கு அருகிலுள்ள கடைகள். அடுத்து வைத்தியசாலை வாசலிலுள்ள கடைகள். பின்னர் சைவக் கடைகள், பேரங்காடிகள். ஒருவர் தனித்து நிறுத்தினால் அவருக்கு நட்டம். தெருவே சேர்ந்து நிறுத்தினால் 'பக்கத்துக் கடை' என்ற சாட்டே இல்லாமற் போகும். நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களின் அனுபவம் கற்பித்த பாடம் அதுதான். அந்த ஊர்களின் கடைக்காரர்களுக்கு ஆலோசகர் இருக்கவில்லை, ஆண்டறிக்கை இருக்கவில்லை. ஒரு பரிசோதகர் வந்து பேசினார், அவர்கள் கேட்டார்கள், மறுநாள் விற்கவில்லை.

கண்டியில் அந்தக் கூட்டத்துக்கு நாள் குறிக்கப் போவது எந்தச் சங்கம்?